மைக்கல் எட்வேர்ட்ஸின் வேலை: ஒரு கிராமக் கழக முகாமையாளரின் மதிப்புரை

மைக்கல் எட்வேர்ட்ஸ் பேசி நான் கேட்டதில்லை. பேட்டி கொடுக்கிற பழக்கம் அவருக்கு அநேகமாக இல்லை. கோல் விழுந்ததும் கமரா திரும்புகிற இடத்திலும் அவர் நிற்பதில்லை. ஆனால் 2016 முதல் 2022 வரை இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளராக அவர் செய்த வேலையின் பலனை, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, நள்ளிரவு தாண்டிய எத்தனையோ இரவுகளில் அனுபவித்திருக்கிறேன். கடைக்கு, சாப்பாட்டுக்கு, கைபேசிக்கு எல்லாம் மதிப்புரை எழுதுகிறோம். ஒரு கழகத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவரின் வேலைக்கும் ஒன்று எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதியவன். அதோடு பதினொரு வருடம் எங்கள் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்கு முகாமையாளராக இருந்தேன். இங்கிலாந்தில் 'மனேஜர்' என்றால் பயிற்றுநரையே குறிக்கும். நான் சொல்லும் முகாமையாளர் வேறு. பயிற்றுநருக்கு வேண்டிய ஆட்களைத் தேடி, பேசி, காசு கட்டி, கடிதம் வாங்கி, மைதானத்தில் கொண்டுவந்து விடுகிறவர். அங்கே அதற்கு விளையாட்டுப் பணிப்பாளர் என்று பெயர், பின்னால் கணினி நிபுணர்கள் கொண்ட ஒரு அலுவலகமே இருக்கும். எனக்கு இருந்தது ஒரு சி.ஆர். கொப்பி. வான் வாடகை, ஐஸ், குளுக்கோஸ், இடைவேளைத் தோடம்பழம், தொடருக்கான நுழைவுப் பணம், யாருக்குச் சப்பாத்து இல்லை, யாருடைய அம்மாவிடம் முதல் நாளே போய்ச் சொல்லி வைக்க வேண்டும், எல்லாம் அதில்தான். குருநகர், நாவாந்துறை, இளவாலை, ஊரெழு என்று உதைபந்தை உயிராக வைத்திருக்கிற ஊர்கள் இங்கே நிறைய. துரையப்பா விளையாட்டரங்கில் பெரிய இறுதியாட்டம் நடந்தால் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. அப்படியான ஊர் ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒரு கொப்பிக்காரர் இருப்பார். இந்த மதிப்புரையை முதலில் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எட்வேர்ட்ஸ் போர்ட்ஸ்மவுத்திலும் ரொட்டன்ஹாமிலும் ஆட்டங்களைப் பகுப்பாய்வு செய்கிறவராக இருந்து, 2011 இல் அதே வேலைக்கு லிவர்பூலுக்கு வந்தவர். அப்போது அங்கே வீரர்களை எடுப்பதற்கு ஒரு குழு இருந்தது. பயிற்றுநருக்கு ஒரு குரல், குழுவுக்கு ஒரு குரல். 2015 கோடையில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முன்கள வீரரைக் கேட்டார்கள் என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. பயிற்றுநர் பிரண்டன் ரொஜர்ஸ் கேட்டது அஸ்ரன் வில்லாவின் கிறிஸ்டியன் பென்டெக்கே. பகுப்பாய்வுப் பக்கம் கேட்டது ஜேர்மனியின் ஹொஃபன்ஹைம் கழகத்தில் இருந்த பிரேசில்காரர் றொபேர்ட்டோ ஃபேர்மினோ. கழகம் இரண்டு பேரையும் வாங்கியது. பென்டெக்கேக்கு 32.5 மில்லியன் பவுண், ஃபேர்மினோவுக்கு சுமார் 29 மில்லியன்.

வாங்கி என்ன? ஃபேர்மினோவை ஓரத்தில் நிறுத்தினார்கள். தன்னுடைய ஆளாக நினைக்காத ஒருவரை எந்தப் பயிற்றுநரும் அப்படித்தான் நிறுத்துவார். ஒக்டோபர் ஆரம்பத்தில் ரொஜர்ஸ் போய், யேர்கன் க்ளொப் வந்தார். அவர் ஃபேர்மினோவை முன்களத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கீழே இறங்கிப் பந்தை எடுத்து இரண்டு பக்கமும் ஓடுகிறவர்களுக்கு வழிவிடும் வேலையைக் கொடுத்தார். அதே கால், அதே தலை, கழகம் கொடுத்த அதே காசு. பென்டெக்கே அடுத்த வருடமே கிறிஸ்டல் பலஸுக்குப் போனார். ஃபேர்மினோ எட்டு வருடம் இருந்தார்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஏனென்றால் அதே பிழையை நான் செய்திருக்கிறேன்.

எங்கள் பயிற்றுநர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்ரர். கண்டிப்பானவர், பாகுபாடு பார்க்காதவர், பந்து தரையோடு போக வேண்டும் என்பவர். ஒருமுறை மின்னொளித் தொடர் ஒன்றுக்கு முன்னால் நான் தீவுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். திரும்பி வரும் வழியில் கடற்கரையில் பொடியன்கள் விளையாடுவதைப் பார்க்க நின்றேன். அதில் ஒருவன், பதினேழு வயதிருக்கும், இடதுகால்காரன். இடப்பக்கக் கோட்டோடு ஓடி, நிமிர்ந்து ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு, பந்தைக் கோல் வாயிலுக்கு முன்னால் தூக்கிப் போடுவான். வெறுங்காலோடு, மணலில், பத்தில் எட்டுத் தரம் ஆளின் தலைக்கு வந்தது. இருட்டும் வரை நின்று எண்ணினேன். வீட்டுக்குப் போய் தாயாரோடு பேசி, அடுத்த கிழமை பட்டணத்தில் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, அவனை அணியில் பதிந்துவிட்டேன்.

மாஸ்ரருக்குச் சொன்னது முதல் ஆட்டத்தன்று, வானில் ஏறும்போது.

அவர் கோபப்படவில்லை, "சரி, இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். பொடியன் மூன்று ஆட்டம் வாங்கில் இருந்தான். ஒவ்வொரு முறையும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினான். நாலாவது ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் வலப்பக்கத்தில் இறக்கினார்கள். பந்து அவன் பக்கம் வரவே இல்லை. நாங்கள் தோற்று வெளியேறினோம். ஒரு கிழமை கழித்து, பஸ் நடத்துனர் கையில் ஒரு பொதி வந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தது. உள்ளே அந்தச் சப்பாத்து. ஆணிகளுக்கு இடையில் ஒரு மண் துணிக்கைகூட இல்லாமல் கழுவி, வெயிலில் காயவைத்து, கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். கொப்பியில் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வரவா, செலவா?

எட்வேர்ட்ஸ் 2016 நவம்பரில் விளையாட்டுப் பணிப்பாளர் ஆனார். அவருடைய வேலையில் நான் முதலில் பார்ப்பது வாங்கிய பட்டியலை அல்ல. தான் விரும்பிய வீரரைப் பயிற்றுநரின் ஆளாக மாற்றிவிட்டுத்தான் வாங்கினார் என்பதைத்தான். 2017 கோடையில் க்ளொப்பின் கண் யூலியன் பிராண்ட் என்ற ஜேர்மன் இளைஞர்மீது இருந்ததாக எழுதினார்கள். எட்வேர்ட்ஸும் அவருடைய தேடுநர்களும் சொன்ன பெயர் மொகமட் சாலா. செல்சியில் வாய்ப்புக் கிடைக்காமல் இத்தாலிக்குப் போய், றோமாவில் விளையாடிக்கொண்டிருந்தவர். இவர்கள் விடாமல் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று க்ளொப்பே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். சுமார் 37 மில்லியன் பவுணுக்கு சாலா வந்தார். முதல் பருவத்திலேயே இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரிமியர் லீக்கில் 32 கோல்.

இதில் இரண்டு பேருக்கும் மரியாதை சேர வேண்டும். நச்சரித்தவருக்குப் பாதி, நச்சரிப்பைக் கேட்டுத் தன் மனதை மாற்றிக்கொண்டவருக்குப் பாதி. க்ளொப் அளவுக்குப் பெயர் பெற்ற ஒருவர், ஒருநாளும் பயிற்றுநராக இருந்திராத ஆள் சொல்வதைக் கேட்டது சின்ன விஷயம் இல்லை. மாஸ்ரரிடம் நான் ஒரு மாதம் நச்சரித்திருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மறுபக்கமும் நடந்தது. பின்களத்துக்கு வேர்ஜில் வன் டைக்தான் வேண்டும், வேறு ஆள் வேண்டாம் என்று க்ளொப் நின்றார். 2017 யூனில் அந்த முயற்சி கெட்டுப்போய், சவுத்ஹம்டன் கழகத்திடம் லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கழகத்துக்குத் தலைகுனிவு. ஆனால் அவசரத்துக்கு இரண்டாந்தர ஆளை எடுக்காமல் ஆறு மாதம் பொறுத்தார்கள். 2018 தையில் 75 மில்லியன் பவுணுக்கு வன் டைக் வந்தார். அப்போது பின்கள வீரர் ஒருவருக்கு உலகத்தில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே இரவில் பார்த்தேன். 2019 மே 7 ஆம் திகதி, பார்சிலோனாவுக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், எங்களுக்கு எட்டாம் திகதி அதிகாலை பன்னிரண்டரை. ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. சேர்ந்து இருந்து பார்க்கிற வழக்கமெல்லாம் நின்றுபோய், ஊர் எட்டு மணிக்கே அடங்கிவிடும். முன்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, அம்மா எழும்பாமல் இருக்கச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுத் தனியாக இருந்தேன். முதல் ஆட்டத்தில் பார்சிலோனா மூன்றுக்குப் பூச்சியம். லிவர்பூலுக்குச் சாலாவும் இல்லை, ஃபேர்மினோவும் இல்லை, இரண்டு பேருக்கும் காயம்.

பார்சிலோனா பக்கத்தில் பிலிப்பே கூட்டின்யோ நின்றார். எட்வேர்ட்ஸ் 2018 தையில் அவர்களுக்கு விற்ற ஆள். 2013 இல் 8.5 மில்லியனுக்கு வாங்கியவரை, பின்னால் வர வேண்டிய தொகைகளும் சேர்த்து 142 மில்லியனுக்குக் கொடுத்தார்கள். லிவர்பூல் பக்கத்தில் வன் டைக்கும் கோல் காப்பாளர் அலிசனும். இரண்டு பேரின் விலையையும் கூட்டினால் ஏறக்குறைய கூட்டின்யோவின் விலை. ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் விற்ற பொருள், இந்தப் பக்கம் அந்தக் காசில் வாங்கிய பொருள். கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதைவிடவும் எனக்குப் பிடித்தது மற்ற மூன்று பேர். இடப்பக்கப் பின்களத்தில் அன்ட்ரூ றொபேர்ட்சன், ஹல் சிட்டி தரமிறங்கியபோது, அதாவது தோற்றுத் தோற்றுக் கீழ் லீக்குக்குப் போனபோது, 8 மில்லியனுக்கு எடுத்தவர். அவருக்கு அடிபட, இடைவேளையில் இறங்கியவர் ஜோர்ஜினியோ வைனால்டம், நியூகாசில் தரமிறங்கியபோது எடுத்தவர். முன்களத்தில் ஷெர்டான் ஷகிரி, ஸ்ரோக் சிட்டி தரமிறங்கியபோது எடுத்தவர். தோற்ற கழகத்தின் நல்ல ஆட்டக்காரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோல்வி அவனை மறைத்துவிடும், விற்கிறவருக்கும் காசு அவசரம். வெங்காயம் வெட்டுகிற காலத்தில் சுன்னாகம் சந்தையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். மூட்டையில் இருக்கும் வெங்காயம் அதேதான், விலை மட்டும் விழுந்திருக்கும்.

வைனால்டம் இறங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு கோல். இரண்டு நிமிடம் கழித்து ஷகிரி இடப்பக்கத்திலிருந்து இடதுகாலால் பந்தைத் தூக்கிப் போட, அதே வைனால்டம் தலையால் இன்னொன்று. பிறகு எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் அடித்த அந்த மூலை உதை, ஒரிகியின் இரண்டாவது கோல், நாலுக்குப் பூச்சியம், இரண்டு ஆட்டமும் சேர்த்து நாலுக்கு மூன்று. சத்தம் இல்லாத தொலைக்காட்சிக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அடுத்த மாதம் சம்பியன்ஸ் லீக் கிண்ணம், அடுத்த வருடம் 99 புள்ளிகளோடு பிரிமியர் லீக்.

விற்பனைக்கு நான் பத்துக்குப் பத்தும் கொடுப்பேன். கூட்டின்யோவுக்காக மட்டும் அல்ல. அணியில் இடம் கிடைக்காத சொலங்கேயை 19 மில்லியனுக்கும், அதற்கு முன்னர் ஜோர்டன் ஐப்பை 15 மில்லியனுக்கும் போர்ன்மவுத்துக்கு விற்றார்கள். இப்படிச் சேர்ந்த காசுதான் பெரிய ஆட்களுக்கு வழிவிட்டது. நம் ஊர்க் கழகங்களில் யாரும் யாரையும் விற்பதில்லை. ஆனால் வாங்கிலேயே இருக்கிற பொடியனைப் பக்கத்து ஊர்க் கழகத்துக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அதைக்கூட நாங்கள் செய்வதில்லை, கடிதம் கொடுக்காமல் இழுத்தடிப்போம்.

சரி, குறைக்கு வருவோம். 2020 கோடையில் டெயான் லொவ்றனை ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு, அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. நடுப்பின்களத்துக்கு மூன்று பேர் போதும் என்று இருந்தார்கள். ஒக்டோபரில் வன் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் ஜோ கோமஸ். தை முடியும்போது மூன்றாமவரான மற்றிப்பும் இல்லை. நடுக்களத்து ஃபபின்யோவும் ஹென்டர்சனும் பின்களத்தில் நின்றார்கள், அதனால் நடுக்களமும் ஓட்டையானது. பெப்ரவரி முதலாம் திகதி, கடைசி நாளில், இரண்டு பேரை அவசரமாக எடுத்தார்கள். அதில் பென் டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை. அன்ஃபீல்டில், சொந்த மைதானத்தில், லீக் ஆட்டங்கள் ஆறில் வரிசையாகத் தோற்றார்கள்.

பெருந்தொற்றுக் காலம், வருமானம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கூட்டு நன்றாக இருக்கும்போது வருகிற ஆபத்து இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி, "சமாளிக்கலாம்" என்று ஒரே நேரத்தில் தலையாட்டிவிடுவார்கள். சாலா விஷயத்தில் இருந்த நச்சரிப்பு இந்த இடத்தில் இல்லாமல் போனது. வாங்கியதற்கு நான் ஒன்பது கொடுத்திருப்பேன், இந்த ஒரு பருவத்துக்காக எட்டு.

2022 இல் அவர் போனார். பிறகு அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 2024 மார்ச்சில், க்ளொப் விலகப்போவதாக அறிவித்த பிறகு, கழக உரிமையாளர்களின் நிறுவனத்தில் உதைபந்தாட்டத்துக்கே தலைவராகத் திரும்பி வந்தார். அன்றாட வேலைக்கு அவர் கொண்டுவந்தது றிச்சர்ட் ஹியூஸ் என்பவரை. முன்பு போர்ன்மவுத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். தன்னிடம் சொலங்கேயை அந்த விலைக்கு வாங்கியவரையே கூட்டி வந்திருக்கிறார், பழைய நட்பும் உண்டு. இதற்கு மதிப்பெண் போட நான் அவசரப்பட மாட்டேன்.

முதல் வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வாங்காமல் விட்ட ஒரு விஷயம். புதிய பயிற்றுநர் ஆர்னே ஸ்லொட்டுக்கு நடுக்களத்தின் அடியில் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஸ்பெயினின் சுபிமென்டியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் என்று ஓடாமல் நின்றார்கள். ஸ்லொட், ஏற்கெனவே இருந்த றயன் கிறாவன்பேர்க்கை அந்த இடத்தில் வைத்துப் பழக்கினார். அந்தக் கோடையில் வாங்கி அதே பருவத்தில் ஆடிய ஒரே ஆள் ஃபெடரிக்கோ கியேசா, அவரும் கொஞ்ச நேரம்தான். 2025 ஏப்ரலில் நாலு ஆட்டம் மீதம் இருக்கவே இருபதாவது லீக் சம்பியன் பட்டம். அந்த நடுக்களம் க்ளொப்பின் கடைசிக் கோடையில் வாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புகழில் ஒரு பங்கு அந்தப் பக்கமும் போகிறது.

அதே பருவத்தில் சாலா, வன் டைக், அலெக்சாண்டர்-ஆர்னல்ட் மூன்று பேரின் ஒப்பந்தத்தையும் கடைசி வருடம் வரை ஓடவிட்டது பெரிய பிழை. இரண்டு பேர் ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள். ஊர்ப் பிள்ளையான மூன்றாமவர் ஸ்பெயினின் றியல் மட்ரிட்டுக்குப் போனார். 2025 கோடையில் 400 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்தார்கள். ஆனால் பின்களத்துக்குக் கேட்ட மார்க் கெயியின் ஒப்பந்தம் கடைசி நாளில் கைவிட்டுப் போனது. அந்தக் கோடையில் எடுத்த இளைஞர் லியோனி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டுப் பருவம் முழுவதும் வெளியே. ஐந்து வருடத்துக்கு முந்திய அதே பக்கத்தை மறுபடி புரட்டுவதுபோல இருந்தது எனக்கு. பாடம் தெரிந்த ஆள் மேலே இருக்கும்போது இது நடந்திருக்கக்கூடாது.

மாஸ்ரருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் வெள்ளை எடுத்த பிறகு கொஞ்சம் தெளிவாகப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடிப்போம். போன மாதம் கைபேசியில் அந்த பார்சிலோனா ஆட்டத்தைக் காட்டினேன். எல்லாரும் அந்த மூலை உதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மாஸ்ரர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மூன்றாவது கோலைத் திரும்பப் போடச் சொன்னார். ஷகிரி பந்தைத் தூக்கிப் போடுகிற இடம். போட்டேன். இன்னொரு முறை என்றார். கைபேசியைக் கையில் வாங்கி, மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இவன் இடதுகால்காரனே?"

"ஓம் மாஸ்ரர்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோப்பையில் மிச்சம் இருந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

"நீ கொண்டுவந்த தீவுப் பொடியனும் இப்பிடித்தான் தூக்கிப் போடுறவனோ?"

"ஓம் மாஸ்ரர். இப்பிடித்தான்."